மலையில் புகை, தண்டவாளத்தில் விரிசல்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு மணிமேகலைக் கதையைச் சொல்லி வருகிறேன். 27-ஆவது காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரையும் சந்தித்து, அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அந்தப் பகுதி முடிந்ததும் பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் எழுந்து, "அங்கிள், கடவுள் இருக்கிறார் என்று நிரூபிக்க முடியுமா?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பின்வரிசைப் பையன் ஒருவன், "முடியாது என்றால் அப்புறம் எதற்குப் பொய் சொல்லாமல் இருக்கணும்?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் தத்துவத்தைக் கல்லூரியில் படித்தவன் அல்லன். சிவில் டிப்ளமா முடித்து, 1980 முதல் 2018 வரை ரயில் பாதையைப் பராமரித்தவன். ஓய்வுக்குப் பிறகு படித்ததையும், பாதையில் நானே பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். பெற்றோரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தால் நல்லது.

முதலில், நிரூபணம் என்றால் என்ன? அதற்கு விடை மணிமேகலையிலேயே இருக்கிறது. 29-ஆவது காதையில், காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தர்க்கம் கற்பிக்கிறார். சொல்ல வந்த முடிவு பக்கம், அதற்கான காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். அந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் அங்கே புகை தெரிகிறது, அடுக்களையைப் போல. நியாய நூலார் இதையே ஐந்து உறுப்பாக விரிப்பார்கள். மூன்றோ ஐந்தோ, உயிர்நாடி ஒன்றுதான்: எங்கெல்லாம் புகை உண்டோ அங்கெல்லாம் நெருப்பு உண்டு என்ற விடாத தொடர்பு. இதற்கு வியாப்தி என்று பெயர். அது அறுந்தால் மற்ற எல்லாம் அறுந்த மாதிரிதான்.

இப்போது அதைத் திருப்பிப் போடுங்கள். நெருப்பு இருக்கிறது, ஆகவே புகை இருக்கும். சரிபோலத் தோன்றும், ஆனால் தவறு. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்று நியாய நூலார் காட்டுவார்கள். நீராவி எஞ்சின் காலத்து ஆட்களுக்கு இரும்புக் குண்டு வேண்டாம். கைதேர்ந்த ஃபயர்மேன் கரியைச் சிறிது சிறிதாகப் பரப்பிப் போட்டால், உள்ளே நெருப்பு கனன்றுகொண்டிருக்கும், புகைபோக்கியில் லேசான புகைதான் வரும். கரும்புகை கக்கினால் ஆள் புதுசு என்று பிளாட்பாரத்திலிருந்தே சொல்லிவிடலாம். ஆகவே புகைக்கு நெருப்பு மட்டும் போதாது. ஈர விறகு போல இன்னொன்று கூடச் சேர வேண்டும். நம் கண்ணுக்குத் தப்பி ஒளிந்திருக்கும் இந்தக் கூடுதல் நிபந்தனையை உபாதி என்பார்கள். உபாதியைத் தேடிப் பார்க்காமல் முடிவு கட்டுகிறவன் எங்கே போய் விழுவான் என்பதற்கு என் கதையே போதும்.

1984 ஜனவரி. வட பீகாரில் ஒரு மீட்டர்கேஜ் பாதையில் நான் இன்ஸ்பெக்டர். விடியற்காலையில் ஒரு கூட்ஸ் வண்டி டிரைவர், குறிப்பிட்ட இடத்தில் பலமான குலுக்கல் என்று அடுத்த ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார். போய்ப் பார்த்தால் ஒரு இணைப்பில், ஃபிஷ்பிளேட்டுக்குள்ளே, போல்ட் துளை வழியாகத் தண்டவாளம் முறிந்திருந்தது. நல்ல வேளை, வண்டி தடம் புரளவில்லை. அந்தப் பகுதியைத் தினமும் நடந்து பார்த்து, சாவிகளை அடித்து, போல்ட்டுகளை முடுக்க வேண்டியவர் கீமேன். நான் அறிக்கை எழுதினேன்: கவனிப்பு இல்லாவிட்டால் இணைப்பு முறியும், இந்த இணைப்பு முறிந்திருக்கிறது, ஆகவே கவனிப்பு இல்லை. கீமேனுக்கு ஒரு வருஷ இன்க்ரிமெண்ட் நின்றது.

என் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். நெருப்பிலிருந்து புகைக்குப் போன அதே கோணல். கவனிப்பில்லாததால் முறியலாம், ஆனால் முறிந்தது எல்லாம் கவனிப்பில்லாததால் அல்ல. துளையின் ஓரத்தில் தொடங்கும் விரிசல் ஃபிஷ்பிளேட்டுக்குப் பின்னால் மறைந்தே வளரும். தினமும் நடக்கிறவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. குளிரில் தண்டவாளம் சுருங்கி இழுக்கும்போது ஒருநாள் பட்டென்று விட்டுவிடும். மீதிக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இனி அந்தப் பெண்ணின் கேள்வி. கடவுளுக்கு நிரூபணம் கொடுக்க முயன்றவர்களில் நம் நாட்டில் முதன்மையானவர் மிதிலையைச் சேர்ந்த உதயணர். ஏறத்தாழ ஆயிரம் வருஷங்களுக்கு முன் 'நியாய குசுமாஞ்சலி' என்ற நூலை எழுதினார். அவருடைய வாதங்களில் முதலாவது இது: உலகத்துக்கு ஒரு கர்த்தா உண்டு, ஏனென்றால் உலகம் ஒரு காரியம், அதாவது உண்டாக்கப்பட்ட பொருள், குடத்தைப் போல. குடத்துக்குக் குயவன் உண்டு அல்லவா? அறவண அடிகள் சொன்ன மூன்றும் இதில் இருக்கின்றன. இனி நம் வேலை, தொடர்பு விடாமல் நிற்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்ப்பதுதான்.

எதிர்த்தரப்பு தட்டிப் பார்த்தது. புல் முளைக்கிறது, அதைச் செய்தவனை யார் கண்டார்? நாம் பார்த்த கர்த்தாக்கள் எல்லோருக்கும் கைகால் உண்டு. உலகைச் செய்தவனுக்கும் உடம்பு உண்டா? உடம்பு என்பதுதான் இங்கே உபாதி என்றார்கள். செய்வதற்கு வேண்டியது அறிவும் விருப்பமும் முயற்சியும்தான், உடம்பு அல்ல என்று நியாயத் தரப்பு பதில் சொன்னது. பதில் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் உடம்பில்லாத முயற்சியை நாம் எந்த அடுக்களையில் பார்த்தோம் என்று எனக்குள் ஒரு முணுமுணுப்பு இருக்கத்தான் செய்கிறது.

இதைவிட எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. இந்த நிரூபணத்தை மிகக் கூர்மையாக மறுத்தவர்களில் ஒருவர் நாத்திகர் அல்லர். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர். ஸ்ரீபாஷ்யத்தில் மூன்றாவது சூத்திரத்துக்கு உரை எழுதும்போது அவர் கேட்கிறார்: மாளிகை போன்ற பெரிய பொருள்களைப் பலர் சேர்ந்து, வெவ்வேறு காலத்தில் செய்கிறார்கள். உலகத்தை மட்டும் ஒரே கர்த்தா, ஒரே சமயத்தில் செய்தான் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? அனுமானத்தால் இறைவனை நிறுவ முடியாது, சாஸ்திரம் ஒன்றே வழி என்பது அவர் முடிவு. பாலம் கட்டிய எங்களுக்கு இது நன்றாகவே புரியும். ஒரு பாலத்துக்குப் பின்னால் எத்தனை கைகள்! பின்னாளில் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம், 1779-இல் வெளியான உரையாடல் நூலில், கப்பலைச் சொல்லி ஏறக்குறைய இதையே கேட்டார். ஹியூம் ஐயுறவுக்காரர், ராமானுஜர் பக்தர். ஒரு நிரூபணம் தோற்றது என்றால் கடவுள் இல்லை என்று ஆகாது. என் அறிக்கை தோற்றதால் தண்டவாளம் முறியவில்லை என்று ஆகிவிடுமா?

1802-இல் இங்கிலாந்தின் பேலி பாதிரியார், வெட்டவெளியில் கிடந்த கடிகாரத்தைக் காட்டி இதே வாதத்தைப் புதுப்பித்தார். உயிரினங்களின் நுட்பமான அமைப்பு திட்டமிடுபவன் இல்லாமலும் படிப்படியாக உருவாக வழியுண்டு என்று 1859-இல் டார்வின் காட்டிய பிறகு, கடிகாரத்தின் ஓட்டம் குறைந்துபோயிற்று.

பையனின் கேள்விக்கு வருகிறேன். படைத்த கடவுள் என்று ஒருவர் இல்லை என வாதாடிய குமாரிலரின் மீமாம்சை மரபுதான் கடமையில் அணுவளவும் பிசகக் கூடாது என்று கறாராக நின்றது. ஜெர்மனியின் காண்ட் 1781-இல் மூன்று பெரிய நிரூபணங்களையும் உடைத்தார். 1788-இல் எழுதிய நூலில், அறம்தான் முதலில், கடவுள் நம்பிக்கை அதிலிருந்து எழுகிறது என்று வரிசையை மாற்றி வைத்தார். ஆகவே நிரூபணம் வந்த பிறகுதான் உண்மை பேசுவது என்று யாரும் காத்திருக்கவில்லை.

ஆனால் பையனுக்கு நான் வகுப்பில் சொன்னது காண்ட்டை அல்ல. அந்த அறிக்கை போய் ஒரு மாதம் கழித்து ஸ்டோரில் முறிந்த துண்டைத் தற்செயலாகப் பார்த்தேன். முறிந்த முகத்தில் பெரும்பகுதி துருவேறிக் கறுத்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம்தான் புது இரும்பின் பளபளப்பு. கறுப்பு பழைய விரிசல். அன்றைக்கே நான் குனிந்து பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் வரும் சமயம். நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த நாலு மாதமும் தினம் காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் டிராலி ஏறினேன். கடவுள் இருக்கிறார் என்பதில் எனக்கு அப்போதும் சந்தேகமில்லை, இப்போதும் இல்லை. அந்த நம்பிக்கை என் பேனாவை எடுக்க வைக்கவில்லை.

எடுக்க வைத்தது வேறு. ஒருநாள் அந்தக் கீமேனிடம், "மேலதிகாரிக்கு ஏன் அப்பீல் செய்யவில்லை?" என்று கேட்டேன். "நீங்கள் எழுதினதை எனக்குப் படிக்கத் தெரியாது, சாப். கைநாட்டு வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன்" என்றார். சொல்லிவிட்டுச் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த இணைப்புக்கு நடந்தார். அன்று இரவே திருத்த அறிக்கை எழுதினேன். அவருக்கு இன்க்ரிமெண்ட் திரும்பக் கிடைக்க மேலும் எட்டு மாதம் ஆயிற்று. எனக்குப் பட்டியலில் பெயர் வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

"அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா, அங்கிள்?" என்றாள் முதலில் கேள்வி கேட்ட பெண். கேட்டேன். ஆனால் அவருக்குச் சரியாக விளங்காத என் அரைகுறை ஹிந்தியில்.

பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வீட்டுவேலை. கீழே உள்ள மூன்றிலும் ஏது எது, தொடர்பு எங்கே அறுகிறது, உபாதி என்ன என்று எழுதுங்கள். ஒன்று: மழை பெய்தால் முற்றம் நனையும், முற்றம் நனைந்திருக்கிறது, ஆகவே ராத்திரி மழை. இரண்டு: பரீட்சைக்கு முன் கோயிலுக்குப் போனேன், பாஸானேன், ஆகவே போனதால்தான் பாஸானேன். மூன்று: இந்த ஊர்க்காரர் ஒருவர் நம்மை ஏமாற்றினார்; ஆகவே இந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான். மூன்றாவதை அப்பா அம்மாவும் எழுதலாம். தாள்களை அடுத்த ஞாயிறு வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.