அட்மின் ஆகிவிட்டீர்களா?

முதல் வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு வாக்-இன் எங்கே நடக்கிறது என்ற செய்தி இப்போது டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும்தான் வருகிறது. பைத்தான் கற்பவர், டேலி கற்பவர், குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர், வளைகுடாவில் வெல்டர் வேலை தேடுபவர் என்று ஆளுக்கொரு குழு உண்டு. வேலை கிடைத்துவிட்டால் டீம் குழு, புராஜெக்ட் குழு, பழைய மாணவர் குழு. இவற்றில் ஏதோ ஒன்றில் யாரோ ஒருவர் ஒருநாள் உங்களை அட்மின் ஆக்கிவிட்டு, "சும்மா பேருக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார். நம்பாதீர்கள். வேலைச் செய்தி யாருக்குப் போய்ச் சேர்கிறது, யாருடைய சந்தேகம் தீர்கிறது, யார் வாயை மூடிக்கொண்டு ஒதுங்குகிறார் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது.

இந்த வேலையில் ஒரு சிக்கல். தப்பு நடந்தால் சத்தமே கேட்காது. மனம் நொந்தவர் புகார் எழுதுவதில்லை. முதலில் மியூட் செய்கிறார், பிறகு கேள்வி கேட்பதை நிறுத்துகிறார், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிடுகிறார். "எங்க குரூப்ல சண்டையே கிடையாது" என்று பெருமைப்படுகிற அட்மின் போன ஒரு மாத உரையாடலை மேலே தள்ளிப் பார்க்கட்டும். ஐந்நூறு பேர் உள்ள குழுவில் பேசியவர்கள் அதே பத்துப் பன்னிரண்டு பேர்தான் என்றால், அந்த அமைதியில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

முதல் கேள்விக்கு வரும் பதில்

கணினி மொழி கற்கும் குழுக்களில் அடிக்கடி நடப்பது இது. புதிதாகச் சேர்ந்தவர், திரையைச் செல்போனால் எடுத்த மங்கலான படத்தைப் போட்டு, "பைத்தான் இன்ஸ்டால் பண்ணேன், ரன் ஆகல, ஹெல்ப் ப்ளீஸ்" என்று எழுதுகிறார். இரண்டு நிமிடத்தில் பதில்கள் வந்து விழுகின்றன. "கூகுள் பண்ணுங்க ப்ரோ." "பாத் செட் பண்ணலையா? இதுகூடத் தெரியாதா?" கூடவே வடிவேலு ஸ்டிக்கர் ஒன்று. கேட்டவர் ப்ரோ இல்லை, ஒரு பெண். தமிழ்வழியில் பன்னிரண்டாவது முடித்து அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர். மடிக்கணினி கைக்கு வந்தே சில வாரங்கள்தான். பதில் போட்டவர்களுக்கு இது எதுவும் தெரியாது, கெட்ட எண்ணமும் கிடையாது. ஆனாலும் அந்தப் பெண் இனி அங்கே வாய் திறக்கப் போவதில்லை. அதே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் திறக்கப் போவதில்லை.

அட்மின் அங்கே போட வேண்டிய பதில் நான்கு வரிக்கு மேல் போகாது: "வணக்கம், குழுவுக்கு வரவேற்கிறோம். திரையில் வரும் பிழைச் செய்தியை அப்படியே காப்பி செய்து இங்கே போடுங்கள். விண்டோஸா, பைத்தான் எந்தப் பதிப்பு என்பதையும் சொல்லுங்கள். இன்ஸ்டால் ஆகும் முதல் திரையில், பாத்தில் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போட்டீர்களா? பலருக்கும் அங்கேதான் இடறும்." அடுத்த முறை எப்படிக் கேட்க வேண்டும் என்ற பாடமும் இதற்குள்ளேயே இருக்கிறது. அதைத் தனியாக ஓர் அறிவுரையாக எடுத்துவிட வேண்டியதில்லை.

நியூயார்க்கில் 2011-ல் தொடங்கிய ரிகர்ஸ் சென்டர் என்ற நிரலாளர் பயிலகத்தில் சில எளிய நடத்தை விதிகள் உண்டு. அதில் ஒன்று, ஒருவருக்குத் தெரியாததைக் கண்டு ஆச்சரியப்படுவதுபோல் நடிக்கக் கூடாது. இன்னொன்று, பேச்சின் போக்குக்குத் தேவையே இல்லாத நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டு திருத்தக் கூடாது. நம் குழுக்களுக்கென்றே எழுதியதுபோல் இருக்கின்றன இரண்டும். வேலை போய்விட்டது, எங்காவது காலியிடம் இருக்கிறதா என்று ஒருவர் கேட்கும்போது அவருடைய ஒற்றுப்பிழையைத் திருத்துகிற அண்ணன்கள் நம்மிடம் தாராளமாக இருக்கிறார்கள்.

"கடுமையாக இருந்தால்தான் தரம் இருக்கும்" என்று ஒரு வாதம் எப்போதும் வரும். அதை எல்லோரையும்விட உரக்கச் சொல்லி வந்த இடங்களே பின்னால் மாற்றிக்கொண்டன. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டேக் ஓவர்ஃப்ளோ, தன்னிடம் வரும் புதியவர்களும் பெண்களும் அந்நியமாக உணர்கிறார்கள் என்று 2018 ஏப்ரலில் தானே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டே நடத்தை விதிகளைத் திருத்தி எழுதி, முதல்முறை கேட்பவரின் கேள்விக்குப் பக்கத்தில் "புதியவர்" என்று தெரியும்படி ஒரு குறி வைத்தது. கடுஞ்சொல்லுக்குப் பேர்போன லினஸ் டோர்வால்ட்ஸ் அதே 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டு, லினக்ஸ் கெர்னல் பணியிலிருந்து சில வாரங்கள் விலகியிருந்தார். அதனால் லினக்ஸின் தரம் இறங்கிவிடவில்லை. குறை கேள்வியில் இருந்தால் குறையைச் சொல்லுங்கள், கேட்டவரை விட்டுவிடுங்கள்.

புதியவர்களுக்குத் தனி இடம் ஒதுக்குவதும் நல்ல வழி. தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுப்பேச்சுக்கு ஆலமரத்தடி, தெரியாததைக் கேட்க ஒத்தாசைப் பக்கம் என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். டெலிகிராமிலும் குழுவைத் தலைப்புகளாகப் பிரிக்கலாம். "புதியவர் கேள்விகள்" என்று ஒன்றைத் திறந்து, பொறுமையுள்ள இரண்டு பேரை அங்கே உட்கார வையுங்கள்.

"எந்த ஊர் நீங்க?"

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் பெரும்பாலும் போய்விட்டது. விசாரிக்கும் வழக்கம் போகவில்லை. "எந்த ஊர்?" என்று தொடங்கி, "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?", "குலதெய்வம் எது?" என்று நூல் பிடித்துப் போவார்கள். தனிச்செய்தியில் வந்து "நம்ம ஆளா?" என்று நேராகவே கேட்பவர்களும் உண்டு. இந்தக் கேள்விகள் யாரை நோக்கி வீசப்படுகின்றனவோ அவருக்கு முதல் கேள்வியிலேயே புரிந்துவிடும். மற்றவர்களுக்கு அது சாதாரண விசாரிப்பாகத் தெரியும்.

ஆகவே அறிமுகப் பதிவில் என்ன கேட்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். முழுப்பெயர், சொந்த ஊர், படித்த பள்ளி, புகைப்படம் என்று படிவம் மாதிரி கேட்காதீர்கள். "என்ன கற்றுக்கொள்ள வந்தீர்கள்? எதில் உங்களால் அடுத்தவருக்கு உதவ முடியும்?" போதும். மற்றதை அவரே விரும்பினால் சொல்லட்டும்.

டி.என்.பி.எஸ்.சி. குழுக்களில் இது இன்னும் சிக்கலானது. கட்-ஆஃப் பிரிவுக்குப் பிரிவு மாறும் என்பதால் "உங்க கம்யூனிட்டி என்ன?" என்ற கேள்விக்கு அங்கே நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் பொதுவில் ஒருமுறை பதிவாகிவிட்டால் அவருடைய ஒவ்வொரு மதிப்பெண்ணும் அதோடு சேர்த்தே பேசப்படும். இதற்கு வழி எளிது. ஓ.சி., பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. உள்ளிட்ட எல்லாப் பிரிவுக்கும் முந்தைய கட்-ஆஃப்களை ஒரே அட்டவணையாக்கி மேலே பின் செய்துவிடுங்கள். அவரவர் தமக்கானதைப் பார்த்துக்கொள்வார், யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்காது. தேர்வானவரை வாழ்த்தும் இடத்தில் "கோட்டால வந்தவர்" என்று ஒருவர் எழுதினால் அதை அன்றைக்கே நீக்குங்கள். ஏன் நீக்கினீர்கள் என்பதைப் பொதுவில் ஒரு வரியில் சொல்லுங்கள். சத்தமில்லாமல் நீக்கினால், காயப்பட்டவருக்கு யாரோ தன் பக்கம் நின்றார்கள் என்பதே தெரியாமல் போகும்.

நம் குழு விதிகளில் பெரும்பாலானவை "அனைவரையும் மதிக்கவும்" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகின்றன. அந்த வரியை யாரும் மீறியதாக வரலாறே கிடையாது, ஏனென்றால் அது எதையும் சொல்லவில்லை. கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பல பின்பற்றும் கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற நடத்தை விதியை 2014-ல் கொரலைன் அடா எம்கி எழுதினார். அதன் 2.1 பதிப்பில், யாரையும் எதன் பெயரால் ஒதுக்கக் கூடாது என்ற பட்டியலில் இனம், மதம், பாலினம், உடற்குறை ஆகியவற்றோடு சாதியும் நிறமும் இருக்கின்றன. அமெரிக்காவில் பிறந்த ஓர் ஆவணம் சாதி என்று பெயர் சொல்லி எழுதும்போது நமக்கென்ன கூச்சம்? சாதி கேட்பது, சாதிப் பெருமை மீம் போடுவது, ஒதுக்கீட்டைக் கிண்டல் செய்வது, நிறத்தையும் உடம்பையும் கேலி பேசுவது என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

சட்டம் பற்றிக் கேட்பார்கள். உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மினாக இருக்கும் ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் அதே ஆண்டில் இன்னொன்றும் சொன்னது: பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், இணையத்தில் செய்யும் இழிவும் பொதுப்பார்வையில் செய்த இழிவாகவே கொள்ளப்படும். வழக்கு உங்கள் மேல் பாயாமல் போகலாம். எழுதியவர் மேல் பாயும், அவரை அன்றைக்கே தடுத்திருக்கக்கூடியவர் நீங்கள்தான்.

"சாப்டாச்சா?"

பெண்கள் கேள்வி கேட்பதே இல்லை என்று அலுத்துக்கொள்ளும் அட்மின்கள் ஒரு வாரம் ஒரு பெண்ணின் இன்பாக்ஸைப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். வாட்ஸ்அப் குழுவில் வாய் திறந்தால் உங்கள் எண் எல்லோர் கண்ணிலும் படும். அடுத்த அரை மணியில் "ஹாய்" வரும், இரவில் "சாப்டாச்சா?" வரும். முன்பின் தெரியாதவர்கள் சேரும் குழு என்றால் எண்ணை மறைக்க வசதியுள்ள டெலிகிராமுக்கு மாற்றுங்கள். அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று வரவேற்புச் செய்தியிலேயே காட்டுங்கள், பலருக்குத் தெரியாது. பொதுவில் அனுமதி கேட்காமல் யாரும் யாருக்கும் தனிச்செய்தி அனுப்பக் கூடாது என்பது விதியாக இருக்கட்டும். புகார் சொல்ல இரண்டு பேர் பெயரைக் குறிப்பிடுங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அலுவலகக் குழு என்றால் பஞ்சாயத்து பேசி முடிக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளவே வேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும், புகார் அங்கே போகட்டும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள், சீக்கிரம் செய்துவிடக்கூடியவை. வேலை அறிவிப்பைப் போட்டோவாக மட்டும் போடாதீர்கள். பார்வையற்றவரின் போனில் உள்ள டாக்பேக் என்ற திரைவாசிப்பான் அதைப் "படம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடக்கூடும். பதவி, தகுதி, கடைசித் தேதி, இணைப்பு ஆகிய நான்கையும் தட்டச்சு செய்து போடுங்கள். குரல்பதிவு போட்டால் சாரத்தை ஒரு வரியில் எழுதுங்கள், காது கேளாதவருக்கும் பேருந்தில் போகிறவருக்கும் உதவும். தமிழ், ஆங்கிலம், தங்கிலீஷ் எதில் எழுதினாலும் சரி, ஒருவரின் ஆங்கிலத்தைப் பார்த்தோ யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டோ சிரிக்கக் கூடாது. ஆன்லைன் கூட்டத்தை வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்திலும் ஞாயிறு காலை ஆராதனை நேரத்திலும் வைக்காதீர்கள். பண்டிகை வாழ்த்தை எல்லாப் பண்டிகைக்கும் போடுங்கள், இல்லையென்றால் எதற்கும் வேண்டாம். ப்ரோ, ஜி, சார் எல்லாவற்றையும்விடப் பெயர் சொல்லி "நீங்க" என்பது பாதுகாப்பானது. "ஜி" என்றாலே முகம் சுளிப்பவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

நூறு பதில் சொன்னவர், நாலு பேரைக் கடித்தவர்

தெரியாமல் சறுக்கியவரை ஊர் நடுவே நிறுத்தத் தேவையில்லை. பொதுவில் "இந்தப் பேச்சு இங்கே வேண்டாம், கேள்விக்கு வருவோம்" என்று ஒரு வரி. பிறகு தனியாக: "நீங்க கிண்டலாத்தான் சொல்லியிருப்பீங்க. ஆனா அவங்க குழுவுக்கு வந்து ரெண்டு நாள்தான் ஆகுது. அடுத்த தடவை பார்த்துக்கோங்க." பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

இதோடு முடியாத ஆள் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். குழுவிலேயே அதிகம் தெரிந்தவர் அவர்தான். யாருக்கும் விடை தெரியாத கேள்விக்கு நள்ளிரவிலும் பதில் போடுவார். கூடவே வாரம் ஒருவரை அழவைப்பார். அவரை வெளியேற்ற அட்மின்களுக்கு மனம் வராது, அவர் போனால் என்ன இழப்பு என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அவரால் போனவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. முதலில் எச்சரியுங்கள், அடுத்தது ஒரு வாரம் எழுதத் தடை, அதற்கும் மசியவில்லை என்றால் வெளியே. ஆள் பார்த்து விதி மாறுகிறது என்று புதியவர்கள் கண்டுகொண்டால் நீங்கள் எழுதிவைத்த எதற்கும் மதிப்பிருக்காது.

இதையெல்லாம் பயோடேட்டாவில் எழுதலாமா? தாராளமாக. மென்பொருள் நிறுவனங்களிலும் கல்விச் செயலிகளிலும் கம்யூனிட்டி மேனேஜர் என்றே ஒரு பதவி இருக்கிறது. "800 பேர் குழுவின் அட்மின்" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மாதா மாதம் இரண்டு கணக்கு எடுத்து வையுங்கள்: புதியவரின் முதல் கேள்விக்கு எவ்வளவு நேரத்தில் பதில் கிடைத்தது, முதல்முறை பேசியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறையும் பேசினார்கள். இவை ஆறு மாதத்தில் எப்படி மாறின, அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நேர்காணலில் சொல்ல முடிந்தால் அது அனுபவம். ஒரு தகராறை எப்படிக் கையாண்டீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். அதைச் சொல்லும்போது சம்பந்தப்பட்டவர்களின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

வேலை கிடைத்ததும் குழுவுக்கு நேரம் குறையும். அதற்கு முன்பே இன்னும் இரண்டு மூன்று பேரை அட்மின் ஆக்கிவிடுங்கள். பழைய உரையாடல்களைப் புரட்டி, ஒரே கேள்விக்கு இரண்டாம் முறையும் எரிச்சல்படாமல் பதில் சொன்னவர் யாரென்று பாருங்கள். எல்லோரும் உங்கள் கல்லூரி நண்பர்களாகவே இருந்துவிட வேண்டாம். விதிகள், எச்சரிக்கை பெற்றவர்களின் பட்டியல், பின் செய்த அட்டவணைகளைப் புதுப்பிக்க வேண்டிய மாதங்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதிக் கொடுங்கள். வாரத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையும், அட்மின் ஆகிறீர்களா என்று கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்.