ஒரே நாளில் கடையாதீங்க!

வொர்க்‌ஷாப் லேத்ல மரம் கடைஞ்சிருக்கீங்களா? மினி ப்ராஜெக்ட்டுக்கு நான் ஒரு பூல் கியூ செய்யப் போனேன். ரிவ்யூ நெருங்கிடுச்சுன்னு மேப்பிள் கட்டையை ஒரே மதியத்தில் கடைஞ்சு முடிச்சேன். அன்னைக்கு நேராத்தான் இருந்தது. பத்து நாள் கழிச்சு மேசையில் உருட்டினா, முனை துள்ளுது!

காரணம், நாம மெட்டலுக்குப் படிச்ச அதே ரெசிடுவல் ஸ்ட்ரெஸ். மேல் அடுக்கைச் சீவியதும் மரத்துக்குள் இருந்த சமநிலை குலையும். ஈரப்பதமும் மாறும். மரம் வளையும்.

அதனால்தான் நல்ல கியூ செய்பவர்கள் ஷாஃப்ட்டைப் பல தவணைகளில் கடைகிறார்கள். கொஞ்சம் சீவி, வாரக்கணக்கில் செங்குத்தாகத் தொங்கவிடுவார்கள். வளைந்தாலும் தடிமன் மிச்சமிருக்கும். அடுத்த கடைசலில் சரிசெய்யலாம். திரும்பத் திரும்ப வளையும் கட்டையை ஒதுக்கிவிடுவார்கள். மாதங்கள் கழித்தே முனை சுமார் 13 மி.மீ.க்கு வரும்.

1959ல் புரூக்ளினில் கியூ செய்யத் தொடங்கிய ஜார்ஜ் பாலபுஷ்கா, ப்ரன்ஸ்விக் நிறுவனத்தின் 'டைட்லிஸ்ட்' கட்டைகளை வாங்கித்தான் பல கியூக்களின் அடிப்பகுதியைச் செய்தார். அவர் 1975ல் மறைந்தார். அந்தக் கியூக்களைச் சேகரிப்பவர்கள் இன்னும் தேடுகிறார்கள். வாங்கின கட்டைதான், வேலை அவருடையது.

நீங்க தொடங்கினா மூணு விஷயம்:

1. ரேகை நுனிவரை நேரா ஓடுற கட்டையா எடுங்க.
2. முதல் நாளே நாலு கட்டை கடையத் தொடங்குங்க. ஒண்ணு ரெண்டு வளையும்.
3. ஒவ்வொரு முறையும் மெல்லிசா சீவுங்க. ஒல்லியான மரம் டூல் அழுத்தத்துக்கே வளையும்.

ரிவ்யூல எனக்கு மார்க் போச்சு. ரெண்டாவது ஷாஃப்ட் இப்போ ஹாஸ்டல் ரூம்ல தொங்குது. இந்தத் தடவை அவசரமில்லை.