படம் வரும்வரை திரை ஏன் உறைய வேண்டும்?

மாணவர்களே, தீபாவளிக்கு முன் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு சேலைக் கடைக்குள் நுழைகிறீர்கள். கடையில் இருப்பவர் ஒருவரே. நீங்கள் கேட்ட சேலையை எடுக்க அவரே மாடிக் கிடங்குக்கு ஏறிவிட்டால் என்ன ஆகும்? அடுத்தவருக்குப் பதில் சொல்ல ஆளில்லை. கடை திறந்திருந்தும் மூடியது போலத்தான்.

கணினி மென்பொருளிலும் இதுவே நடக்கிறது. விசைத் தட்டல், சுட்டியின் சொடுக்கு, சாளரத்தை வரைதல் ஆகியவற்றை ‘முதன்மை இழை’ எனும் ஒரே வேலையோட்டம் வரிசையாகக் கவனிக்கிறது. இணையத்திலிருந்து பெரிய படத்தை இறக்கும் வேலையையும் அதனிடமே கொடுத்தால் மற்றவை காத்துக் கிடக்கும். சாளரம் 5 விநாடிக்கு எதற்கும் அசையாவிட்டால், ‘பதிலளிக்கவில்லை’ என்று விண்டோஸ் குறித்துவிடும். மென்பொருளில் பழுதில்லை. ஆனாலும் பயனர் பொறுமையிழந்து அதை மூடுவார். சேமிக்காத வேலையும் போய்விடும்.

தீர்வு எளிது: ஓர் உதவியாளரை மாடிக்கு அனுப்ப வேண்டும். இதுவே ஒத்திசைவற்ற ஏற்றம். விண்டோஸ் ஃபார்ம்ஸில் உள்ள பிக்சர்பாக்ஸ் இதற்கு மூன்று வசதிகளைத் தருகிறது:

1. லோட்எசிங்க்: படத்தைப் பின்னணியில் ஏற்றத் தொடங்கும், முதன்மை இழை உடனே விடுபடும்.
2. லோட்புரோகிரஸ்சேஞ்ச்ட்: எத்தனை விழுக்காடு வந்தது என அவ்வப்போது தெரிவிக்கும்.
3. லோட்கம்ப்ளீட்டட்: வேலை முடிந்ததும் வெற்றியா, பிழையா, ரத்தா எனச் சொல்லும்.

விழுக்காட்டைக் கணக்கிடுவது எப்படி? 12 மெகாபைட் படத்தில் 3 மெகாபைட் வந்திருந்தால், 3 ÷ 12 × 100 = 25%. மொத்த அளவைச் சேவையகம் சொல்லாவிட்டால் வகுக்க எண் இல்லை. அப்போது எண்ணில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் பட்டையைக் காட்டுவதே நேர்மை. பொய்யாக 99% எனக் காட்டி நிறுத்தினால் பயனரின் நம்பிக்கை போய்விடும்.

ஒன்றை மறவாதீர்கள். உதவியாளர் சேலையைக் கடைக்காரரிடம்தான் தர வேண்டும். அதுபோல, நீங்களே தனி இழை எழுதினால், அது திரையிலுள்ள பொத்தானையோ பட்டையையோ நேரடியாகத் தொடக்கூடாது. ‘இன்வோக்’ வழியாக முதன்மை இழையிடம் ஒப்படைக்க வேண்டும்.

இம்முறையால் படம் விரைவாக வந்துவிடாது. இணைய வேகம் அதேதான். ஆனால், காத்திருப்பவருக்கு நிலைமை தெரியும். வேண்டாமென்றால் ‘கேன்சல்எசிங்க்’ மூலம் நிறுத்தவும் முடியும்.

செய்து பாருங்கள்: இணையத்திலுள்ள பெரிய படம் ஒன்றை முதலில் ‘லோட்’, பிறகு ‘லோட்எசிங்க்’ கொண்டு ஏற்றுங்கள். ஏறும்போதே சாளரத்தை நகர்த்துங்கள். எப்போது நகர்கிறது? பாதியில் இணைய இணைப்பைத் துண்டித்தால் உங்கள் மென்பொருள் பயனரிடம் என்ன சொல்கிறது?