தோல் கழிவு பாய்ந்த நிலத்தில் வெட்டிவேர்

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் ஆலைக் கழிவுநீர் பாய்ந்த நிலங்களில் உப்புடன் குரோமியமும் சேர்ந்துள்ளது. குரோமியம் உலோகமாதலால் மக்கி அழிவதில்லை. நிலத்தை வெறுமனே போட்டால் மழையும் காற்றும் நச்சு மண்ணை அடுத்த வயலுக்குக் கொண்டு செல்லும்.

இதைத் தடுக்க வெட்டிவேர் நடலாம். மழைக்காலத் தொடக்கத்தில், தூரிலிருந்து பிரித்த கன்றுகளைச் சரிவுக்குக் குறுக்கே 15 செ.மீ. இடைவெளியில் வரிசையாக நட வேண்டும். ஆழமாக இறங்கும் வேர் மண்ணைப் பிடித்து நிறுத்தும். உறிஞ்சப்படும் குரோமியத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்கும். தழைக்கு ஏறுவது சிறிதளவே. எனவே, புல்லை அறுத்து அகற்றுவதால் நிலம் விரைவில் தூய்மையாகாது.

இந்நிலத்து வேரைத் தோண்டி விற்கவோ, குடிநீர்ப் பானையில் போடவோ கூடாது. தழையை மாட்டுக்குப் போட வேண்டாம். மண்ணின் குரோமிய அளவைச் சோதித்து அறியும்வரை கீரை, காய்கறி பயிரிடுவதையும் தவிர்க்கவும்.