நஜ்ஜாஷி மன்னர் சபையில் இரண்டு நாட்கள்

"பக்கத்து வீட்டார் சொல்லும் இயேசுவும் நம் ஈஸா நபியும் ஒருவர்தானா, உம்மா?" என்று பிள்ளை கேட்கிறது. "அதெல்லாம் உனக்கு எதற்கு? போய் ஓது" என்பதே நம்மில் பலருடைய பதில். பொதுவானதை ஒப்புக்கொண்டால் பிள்ளையின் ஈமானுக்குப் பங்கம் வந்துவிடுமோ என்ற அச்சம் நமக்கு. இந்த அச்சத்துக்கு இடமுண்டா என்று அறிய, ஹபஷாவுக்கு ஹிஜ்ரத் சென்ற ஸஹாபாக்களின் வரலாற்றைப் பார்ப்போம்.

நபித்துவத்தின் 5-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 615. மக்காவில் குறைஷிகளின் கொடுமை முற்றிவிட்டது. ஹபஷா என்னும் அபிசீனியாவில் எவருக்கும் அநீதி இழைக்காத மன்னர் ஒருவர் இருக்கிறார், அங்கே செல்லுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு வழி காட்டினார்கள். அந்த நஜ்ஜாஷி மன்னர் ஒரு கிறிஸ்தவர். முதலில் ஒரு சிறு கூட்டமும், பின்னர் 80-க்கு மேற்பட்ட ஆண்களும், அவர்களுடன் பெண்களும் சென்று சேர்ந்தார்கள்.

குறைஷிகள் விடவில்லை. அம்ரு இப்னுல் ஆஸ் (பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவியவர்தாம்) அவர்களையும் இன்னொருவரையும் தோல் பொருட்களுடன் தூது அனுப்பினார்கள். காணிக்கை மன்னருக்கு மட்டுமல்ல. சபையிலிருந்த பாதிரிமார்களுக்கும் முன்கூட்டியே தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தது! விசாரிக்காமலே இவர்களைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது கோரிக்கை. அடைக்கலம் தேடி வந்தவர்களை, அவர்கள் தரப்பைக் கேளாமல் ஒப்படைக்க மன்னர் மறுத்துவிட்டார்.

ஹஜ்ரத் ஜஃபர் (ரலி) அவர்கள் பேசினார்கள். தாங்கள் சிலைகளை வணங்கியதையும், உறவை முறித்ததையும், வலியவர் எளியவரை விழுங்கியதையும் மறைக்காமல் சொன்னார்கள். பிறகு, ஒரே இறைவனை வணங்கவும், உண்மை பேசவும், அமானிதத்தைக் காக்கவும், அண்டை வீட்டாருக்கு நன்மை செய்யவும், அநாதையின் பொருளைத் தொடாதிருக்கவும், கற்புள்ள பெண்கள் மீது பழி சொல்லாதிருக்கவும் தங்களுக்கு வந்த தூதர் கற்பித்ததை எடுத்துரைத்தார்கள். இவற்றில் எந்த ஒழுக்கம் ஒரு கிறிஸ்தவ மன்னரின் காதுக்குப் புதியது?

இங்கே சற்று நிற்போம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி தருமம் செய்பவர், மறுமையில் அர்ஷின் நிழல் பெறும் ஏழு வகையாரில் ஒருவர் என்று ஹதீஸில் வருகிறது. மத்தேயு சுவிசேஷத்தின் 6-ஆம் அதிகாரத்தில் தருமத்துக்குச் சொல்லப்படுவதும் இதே வலக்கை இடக்கை உவமைதான். மறுமையில் அல்லாஹ் அடியானிடம், நான் நோயுற்றேன், நீ வந்து பார்க்கவில்லையே, உணவு கேட்டேன், தரவில்லையே என்று கேட்பான் என ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் குத்ஸி உண்டு. அதே மத்தேயுவின் 25-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தீர்ப்பு நாளில் ஏறக்குறைய இதே கேள்வி. பசித்தவனைத் தள்ளிவிட்டு வணக்கசாலியாகத் திரிய முடியாது என்பதில் இரு சாராரும் ஒன்றே. ஆனால் அங்கே கேட்கும் அரசர் இயேசுவே என்பது அவர்கள் கொள்கை. நமக்கோ கேட்பவன் அல்லாஹ். பொதுவான இடத்திலேயே வேற்றுமையும் நிற்கிறது.

சபைக்குத் திரும்புவோம். உங்கள் நபி கொண்டுவந்ததில் ஏதேனும் உண்டா என்று மன்னர் கேட்க, ஜஃபர் (ரலி) அவர்கள் ஸூரா மர்யமின் ஆரம்பத்தை ஓதினார்கள். முதுமையில் பிள்ளை கேட்ட ஜகரிய்யா (அலை) அவர்களின் துஆ, யஹ்யா (அலை) அவர்களின் பிறப்பு, பிறகு மர்யம் (அலை) அவர்களிடம் மலக்கு வந்த செய்தி என்று அந்த ஸூரா செல்கிறது. லூக்காவின் சுவிசேஷமும் சகரியா, யோவான், மரியாள் என்று இதே வரிசையில்தான் தொடங்குகிறது. கேட்ட மன்னர் தாடி நனைய அழுதார், பாதிரிமார்களும் அழுதார்கள். உடன் ஹிஜ்ரத் சென்றிருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்களே இதை அறிவிக்கிறார்கள்.

ஆயினும் முதல் நாளோடு கதையை முடித்துவிடுகிறோமே, அதுதான் நம் தவறு. மறுநாள் அம்ரு மீண்டும் வந்து, ஈஸாவைப் பற்றி இவர்கள் பெருங்குற்றமான வார்த்தை பேசுகிறார்கள் என்று மூட்டிவிட்டார். அதுபோன்ற இக்கட்டு அதற்குமுன் தங்களுக்கு வந்ததில்லை என்கிறார்கள் உம்மு ஸலமா (ரலி) அவர்கள். உண்மையைச் சொன்னால் அடைக்கலம் போகலாம். மக்காவின் சங்கிலிகள் காத்திருக்கின்றன. முந்திய நாள் கண்ணீரை நம்பி, மழுப்பலாக ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர்கள் கலந்து பேசி, என்ன வந்தாலும் அல்லாஹ் அருளியதையே சொல்வது என்று முடிவு செய்தார்கள். ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர், அவனிடமிருந்து வந்த ரூஹ், கன்னி மர்யமிடம் அவன் இட்ட வார்த்தை என்று ஜஃபர் (ரலி) அவர்கள் சபையில் கூறினார்கள். மன்னர் தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, நீர் சொன்னதற்கும் ஈஸாவுக்கும் இந்தக் குச்சியளவும் வித்தியாசமில்லை என்றார். பாதிரிமார் முணுமுணுத்தனர். காணிக்கைகள் திருப்பித் தரப்பட்டன.

ஆகவே, தாய்மார்களே, பிள்ளை கேட்டால் "ஆம், ஒருவர்தான்" என்று தயங்காமல் சொல்லுங்கள். தந்தையின்றிப் பிறந்ததையும், அல்லாஹ்வின் உத்தரவால் குருடருக்குப் பார்வை தந்ததையும், மீண்டும் வர இருப்பதையும் சொல்லுங்கள். திருக்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிக்கப்படும் ஒரே பெண்மணி அவருடைய அன்னை என்பதையும் சொல்லுங்கள். "அப்படியானால் அவர்கள் ஏன் அவரை வணங்குகிறார்கள்?" என்று பிள்ளை அடுத்துக் கேட்கும். அப்போது அண்டை வீட்டாரை ஏளனம் செய்யாமல், ஜஃபர் (ரலி) அவர்கள் இரண்டாம் நாள் சொன்ன பதிலை அப்படியே சொல்லிக்கொடுங்கள்.