தப்பு விடையையும் படிக்க வேண்டும்

அன்பு மகளுக்கு,

ஈப்போவிலிருந்து பெரியப்பா எழுதுவது. 

நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். உன் மூன்றாம் ஆண்டு வகுப்பில் பதினேழு பிள்ளைகள். நாலு பேர் பக்கம் பக்கமாக வாசிக்கிறார்கள், மூன்று பேருக்கு உயிர்மெய்யே தடுமாறுகிறது, ஒரு பிள்ளை வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுகிறது, மற்றவர்கள் நடுவில். "இதில் யாருக்குப் பாடம் நடத்துவது பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறாய். நாள் பாடத்திட்டத்தின் கடைசியில் குறைநீக்கல், வளப்படுத்துதல் என்று இரண்டு வரி எழுத ஆசிரியர் கல்விக் கழகத்தில் பழக்கியிருப்பார்கள். வகுப்பில் அந்த இரண்டு வரிதான் முக்கால்வாசி வேலை.

எடுத்தவுடன் பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்துவிடாதே. முதலில் அவர்கள் போட்ட தப்பை உட்கார்ந்து படி. 402-இலிருந்து 168-ஐக் கழிக்கச் சொல்கிறாய் என்று வை. விடை 234. ஒருவன் 366 என்று எழுதுவான், ஒருத்தி 244 என்று எழுதுவாள். இரண்டுக்கும் சிவப்பு மையில் தப்பு போட்டால் இருவரும் ஒரே கூட்டமாகிவிடுவார்கள்; இருவருக்கும் ஒரே பயிற்சித்தாள்தான் போகும். ஆனால் 366 எழுதியவன் ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறான். நான்கில் ஒன்று போக மூன்று, ஆறில் பூஜ்யம் போக ஆறு, எட்டில் இரண்டு போக ஆறு. 402 அவனுக்கு ஓர் எண்ணாகவே தெரியவில்லை. பக்கம் பக்கமாக நிற்கும் மூன்று இலக்கமாகத்தான் தெரிகிறது. 244 எழுதியவளுக்குக் கடன் வாங்கத் தெரியும். பூஜ்யத்தைத் தாண்டி நூறிடத்தில் வாங்கும்போது நடுவில் இருக்கும் பத்து ஒன்பதாகக் குறைவதை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். அவளுக்கு ஐந்து நிமிடம் போதும். அவனுக்கோ ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, பத்துக் கட்டை ஒரு நூறாக்கி, அந்தக் கட்டை அவன் கையாலேயே அவிழ்க்கவிட வேண்டும். ஒரு வாரம்கூட ஆகலாம், ஆகட்டும்.

சரியாகப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளை மறந்துவிடாதே. அவளுக்குக் கூடுதலாகப் பத்துக் கணக்குக் கொடுப்பது தண்டனை. "விடை 234 வர வேண்டும், மேலே உள்ள எண்ணின் நடுவில் பூஜ்யம் இருக்க வேண்டும், அப்படி மூன்று கணக்கு நீயே உண்டாக்கு" என்று சொல். திணறத்தான் செய்வாள்; அந்தத் திணறல் அவளுக்கும் வேண்டியதே. மூன்று பேருக்கும் அன்றைய பாடம் கழித்தல்தான் என்பதைக் கவனி. யாரையும் வேறு பாடத்துக்கு அனுப்பவில்லை.

தமிழ் வாசிப்பும் அப்படியே. 'வாசிக்க வராது' என்று ஒரே ஒரு குறை கிடையாது. ஒருவனுக்கு ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் குழம்பும். ஒருத்திக்கு எழுத்தெல்லாம் தெரியும். எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் சொல்லின் தொடக்கம் மறந்துபோகும். ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளை மடமடவென்று வாசித்துவிட்டு, வரப்பு என்றால் என்னவென்று கேட்கும். கருத்துணர்தலுக்கு மூன்று விதமான பகுதி தேடி அலையாதே, ஒரே பகுதி போதும். தடுமாறுகிறவர்களுக்கு நீ முதலில் வாசித்துக் காட்டி, யார், எங்கே, என்ன என்று வாயால் கேள். நடுவில் இருப்பவர்கள் விடை எழுதட்டும். சரளமாக வாசிப்பவர்கள் பகுதியில் நேராகச் சொல்லாததைக் கேட்கும் கேள்விகளைத் தயாரித்து மற்றவர்களிடம் கேட்கட்டும். பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் தப்பு விடுகிறவனை முன்வரிசைக்கு மாற்றிப் பார். கண்ணைச் சோதிக்கச் சொல். மாதக் கணக்கில் முயன்றும் எழுத்து நிற்காத பிள்ளைக்கு நீயாக ஒரு நோயின் பெயரை வைக்காதே. தலைமையாசிரியரிடமும் குறைநீக்கல் ஆசிரியரிடமும் பேசி, பெற்றோர் சம்மதத்தோடு அரசு மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்.

பாடம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு நம் ரப்பர் தோட்டத்துக் கதைதான் காரணம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி வைக்க வேண்டும் என்று 1912-இலும் 1923-இலும் வந்த தொழிலாளர் சட்டங்கள் சொல்லின. நிர்வாகம் ஒரு கொட்டகையைக் கொடுத்தது. கணக்கெழுதும் கிராணியோ, வேலை வாங்கும் கங்காணியோ, கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ வாத்தியாராக நின்ற தோட்டங்கள் எத்தனையோ. சுங்கை சிப்புட் பக்கம் உன் தாத்தா படித்ததும் அப்படி ஒரே அறையில், எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியாரிடம்தான். பால் வெட்டப் போகிற பிள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும் என்று அன்றைக்கு ஒரு கணக்கு இருந்தது. பிள்ளையைப் பார்த்துப் போட்ட கணக்கு இல்லை அது. அவன் அப்பன் தூக்கிய பால்வாளியைப் பார்த்துப் போட்டது. இன்று அந்தப் பால்மரங்கள் போய்ச் செம்பனை நிற்கிறது. தோட்டத்து லயங்களில் இருந்த ஜனம் ஈப்போவின் புந்தோங்குக்கும் மற்ற ஊர்களுக்கும் போய்விட்டது. ஆனால் உயிர்மெய் தடுமாறும் அந்த மூன்று பேருக்கு ஆண்டு முழுக்கப் படத்துக்கு வண்ணம் தீட்டும் தாளையே நீ கொடுத்து வந்தால், அந்தப் பழைய கணக்கை நீ புதிதாகப் போடுகிறாய் என்றுதான் நான் சொல்வேன். வழி வேறாகட்டும், நேரம் கூடட்டும். போய்ச் சேர வேண்டிய இடத்தை மட்டும் குறைக்காதே.

ஒரே வகுப்பில் பல நிலைப் பிள்ளைகள் என்ற இந்தச் சிக்கல் உனக்கு மட்டும் வந்ததில்லை. ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளிக்காரர்கள் கிராமத்துச் சின்னப் பள்ளிகளுக்காக அட்டைகளைக் கொண்டு ஒரு முறையை உருவாக்கினார்கள். பிள்ளை தன் வேகத்தில் ஒவ்வோர் அட்டையாக முடித்து மேலே போகும். அதைப் பார்த்துத்தான் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. 2022-இல் அங்கே எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை வைத்தார்கள். நம் மலேசியாவில் 2010-இல் லைனஸ் என்ற எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம் வந்தது. 2019-இல் முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வை எடுத்துவிட்டு வகுப்பறை மதிப்பீட்டைக் கொண்டுவந்தார்கள். 2021-இல் ஆறாம் ஆண்டின் யூபிஎஸ்ஆர் தேர்வும் போனது. தேர்வுக்குத் தேறுவான், தேறமாட்டான் என்று பிள்ளையை ஒதுக்க இப்போது உனக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. இதைப் பெரிய விடுதலையாகவே நினைக்கிறேன். அதே சமயம், அடைவுநிலை 2 என்று எழுதி மூடிவிட்டால் பழைய மதிப்பெண்ணுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பக்கத்தில் ஒரு வரி எழுது: 'பூஜ்யத்தைத் தாண்டிக் கடன் வாங்குவதில் தடுமாற்றம்.' அடுத்த ஆண்டு வரும் ஆசிரியருக்கு அந்த ஒரு வரி போதும்.

குழுவுக்கு எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும், எது கீழ்க்குழு என்று பிள்ளைகளுக்கு இரண்டாம் நாளே தெரிந்துபோகும். அதனால் பாடத்துக்குப் பாடம் கலைத்துப் போடு. வாசிப்பில் தடுமாறுகிற பையன் அப்பாவின் கடையில் சில்லறை எண்ணிப் பழகியவனாக இருப்பான். பணக்கணக்கு வரும்போது அவனை முன்னால் நிறுத்து. கெட்டிக்காரப் பிள்ளையை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க விடலாம், தினமும் வேண்டாம். அவளும் படிக்கத்தான் வந்திருக்கிறாள்.

எல்லாப் பாடத்திலும் ஒரேயடியாக ஆரம்பித்தால் தீபாவளிக்குள் களைத்துவிடுவாய். கணிதத்தில் வாரம் இரண்டு நாள் போதும். முதல் கால் மணி நேரம் எல்லாருக்கும் பொதுவாக நடத்து, பிறகு பிரி. மீதி நேரத்தில் யாரிடம் உட்காரப் போகிறாய் என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள். வீட்டுப்பாடமாக, பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதை மட்டும் கொடு. தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வரும் அம்மா, கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லித்தர மாட்டாள்.

தைப்பூசத்துக்கு இங்கே கல்லுமலைக் கோவிலுக்கு வருவாய் அல்லவா? தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, உயிர்மெய் தடுமாறும் அந்த மூன்று பேரும் வாசிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்து எடுத்து வா, ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். ஒவ்வொருவரும் எங்கே தடுக்குகிறார்கள் என்று சேர்ந்து கேட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
பெரியப்பா