செப்டம்பர் சேர்க்கை: பிரிட்டன் மாணவர் விசாவுக்கு ஜூனில் செய்ய வேண்டியவை

பிரிட்டன் பல்கலைக்கழகத்தில் செப்டம்பர் இறுதியில் வகுப்பு தொடங்க இருக்கும் மாணவர் விசா வேலையை ஜூனிலேயே தொடங்கிவிடுவது நல்லது. படிப்பு தொடங்கும் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக மூன்று வாரத்தில் வந்துவிடும். இதைப் பார்த்து ஆகஸ்ட் வரை தள்ளிப்போடும் குடும்பங்கள்தான் அதிகம். விண்ணப்பத்துக்கு முந்தைய தயாரிப்பே நாளைத் தின்னும். அதிலும் முதலிடம் பணக் கணக்குக்கு.

முதல் ஆண்டுக் கல்விக் கட்டணத்தில் செலுத்தியது போக மீதமும், ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் இந்தச் செலவுத் தொகை லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களில் 1,171 பவுண்டு. லண்டனுக்கு வெளியே 16,000 பவுண்டு கட்டணத்தில் சேர்ந்து, 5,000 பவுண்டு முன்பணம் கட்டிய மாணவர் மீதி 11,000 பவுண்டும் வாழ்க்கைச் செலவுக்கு 10,539 பவுண்டும், ஆக 21,539 பவுண்டு காட்ட வேண்டும். ரூபாய் மதிப்பு எந்த நேரமும் சரியலாம் என்பதால் சற்றுக் கூடுதலாகவே வைத்திருப்பது பாதுகாப்பு.

இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். அந்த 28ஆம் நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாள்களுக்குள் வர வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் போச்சு. ஜூன் 10 அன்று சீட்டுப் பணம் விழுந்து கணக்கு நிறைந்தது, 24ஆம் தேதி கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் எடுத்தார்கள், மறுநாளே திருப்பிப் போட்டார்கள் என்றால், 28 நாள் எண்ணிக்கை ஜூன் 25இலிருந்து புதிதாகத் தொடங்கும். ஆகவே விசாப் பணத்துக்கென்று ஒரு கணக்கைத் தனியே ஒதுக்கி, அதிலிருந்து தவணை எதுவும் பிடிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்கலாம். மாமா, சித்தப்பா, அண்ணன் எவ்வளவு மனமுவந்து கொடுத்தாலும் அவர்கள் கணக்கில் இருக்கும் பணம் செல்லாது. அதை மாணவர் அல்லது பெற்றோர் கணக்குக்கு மாற்றி, அங்கே 28 நாள் இருக்க விட வேண்டும். வீடு, நிலம், நகை ஆகியவற்றின் மதிப்பீட்டுச் சான்றிதழும், பங்குகளும், வருங்கால வைப்பு நிதியும் கணக்கில் சேராது. நிரந்தர வைப்பைக் காட்டுவதானால், அதைத் தேவைப்படும்போது உடைத்து எடுக்கலாம் என்பது வங்கி ஆவணத்தில் தெரிய வேண்டும்.

பெற்றோர் பணத்தைக் காட்டும்போது அவர்களின் சம்மதக் கடிதத்துடன் பிறப்புச் சான்றிதழும் தேவை. பலருக்கும் சிக்கல் இங்கேதான். பழைய சான்றிதழில் குழந்தையின் பெயரே இருக்காது. அல்லது அதில் ஓர் எழுத்தாக நிற்கும் அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் முழுதாக இருக்கும். பெயர் விடுபட்டிருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் பதிவு செய்து புதிய பிரதி வாங்க இதுவே நேரம். தமிழில் மட்டும் உள்ள சான்றிதழுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும்.

ஒழுங்குமுறைக்கு உட்பட்ட கல்விக் கடன் என்றால் 28 நாள் விதி இல்லை. ஆனால் கடன் மாணவர் பெயரில் இருக்க வேண்டும். ஒப்புதல் கடிதம் ஆறு மாதத்துக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். விசா கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நிபந்தனை அதில் இருந்தால் ஏற்கமாட்டார்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர் காசநோய்ச் சான்றிதழ் பெற வேண்டும். பிரிட்டன் அரசு அங்கீகரித்த மருத்துவ மையத்தில் எடுத்தால்தான் செல்லும்; ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாகும். மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருந்தால் இது சிறிய வேலை. ஏதேனும் ஐயம் வந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள். அதன் முடிவு வர எட்டு வாரம்கூட ஆகலாம். ஆகஸ்டில் எக்ஸ்ரே எடுத்து இதில் மாட்டிக்கொண்டால் அந்த ஆண்டுச் சேர்க்கையே கைநழுவலாம்.

பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதிச் சான்று (சிஏஎஸ்) எண் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. சேர்க்கை நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறிய பிறகே அது வரும் என்பதால், தற்காலிகப் பட்டச் சான்றிதழுக்குக் கல்லூரியை இப்போதே நெருக்க வேண்டும். எண் வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், செலுத்திய கட்டணம் ஆகிய மூன்றையும் சரிபார்த்து, தவறு இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்தக் கேட்க வேண்டும். கட்டிய முன்பணம் சிஏஎஸ்ஸில் பதிவாகாமல் இருந்தால், அந்த 5,000 பவுண்டையும் வங்கியில் காட்டும்படி ஆகலாம்.

விண்ணப்பத்தின்போதே சுகாதாரக் கட்டணமும் செலுத்த வேண்டும். மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு, படிப்பு முடிந்த பின் தங்கும் மாதங்களும் சேர்வதால் பொதுவாக 1,164 பவுண்டு வரும். விசா மறுக்கப்பட்டால் இது திரும்பக் கிடைக்கும். விசாக் கட்டணம் கிடைக்காது.

சிலரை நேர்காணலுக்கு அழைப்பார்கள். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தப் பல்கலைக்கழகம், பாடங்கள் என்னென்ன, செலவுக்கு யார் பொறுப்பு என்று கேட்பார்கள். முகவர் எழுதிக்கொடுத்ததை ஒப்பிப்பவர் அடுத்த கேள்வியிலேயே திணறுவார். பாடத்திட்டத்தை மாணவரே ஒருமுறை முழுதாகப் படித்து, தன் சொற்களில் சொல்லிப் பழக வேண்டும். விமான டிக்கெட்டை விசா கைக்கு வந்த பிறகே எடுக்கலாம். படிப்பு தொடங்குவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னதாக நாட்டுக்குள் நுழைய அனுமதி இல்லை.